அழாத பிள்ளை

சுசீலாதேவியின் அப்பா மாத்தளை அரசாங்க அலுவலகமான கச்சேரியில் எழுதுவினைஞர். எண்பத்து மூன்று ஆடிக் கலவரத்தில் வீடு எரிந்ததும் அவரும் அம்மாவும் யாழ்ப்பாணத்துக்குப் போய்விட்டார்கள். பேராதனையில் உளவியல் படித்துக்கொண்டிருந்த சுசீலாவுக்கு இறுதி வருடம். பழைய அயலவரான ஹமீமாவின் வீட்டில் தங்கிக்கொண்டாள்.

ஒரு குழந்தையை ஆறு மாதம் அவதானித்து எழுத வேண்டும் என்பது பாடம். சனிக்கிழமைகளில் எல்கடுவ பஸ் ஏறி, ஒரு தேயிலைத் தோட்டத்துப் பிள்ளைக்காம்பராவுக்குப் போனாள். தாய்மார் கொழுந்தெடுக்கப் போகும்போது பிள்ளைகளை விட்டுப்போகும் இடம் அது. நான்கு வயதுக் காமாட்சியைத் தெரிவுசெய்தாள்.

தாய் விட்டுப்போனாலும் காமாட்சி அழுவதில்லை. திரும்பி வந்தாலும் ஓடிப்போவதில்லை.

"நல்ல புள்ள மிஸ்," என்றாள் ஆயா அழகம்மா. "எங்க லயத்து வீடுகளுக்கு நெருப்பு வச்சாங்கல்ல, அதுக்கப்புறம் ஒரு சத்தம் கிடையாது."

சுசீலா படிவத்தில் எழுதினாள்: அமைதியானவள். தொந்தரவில்லை.

விரிவுரையாளர் இராசலிங்கம் அதைப் பார்த்து நிமிர்ந்தார்.

"பன்னிரண்டு சனிக்கிழமையா ஒரு பிள்ளை அழேல்லை. அதை நல்ல குணம் எண்டு எழுதியிருக்கிறீர்?"

"தொந்தரவு குடுக்கிறதில்ல சேர்."

"நீர் இப்ப எங்க இருக்கிறீர்?"

"தெரிஞ்சவங்க வீட்டில. எங்கட வீட்டை எரிச்சிட்டாங்க."

பஸ் நேரம் சொல்வதுபோலச் சொன்னாள். அவர் கோப்பை மூடி அவள் கையில் கொடுத்தார்.

அடுத்த சனி அவள் படிவத்தை வெளியே எடுக்கவில்லை. காமாட்சியின் பக்கத்தில் பாயில் உட்கார்ந்திருந்தாள். பின்வந்த சனிக்கிழமைகளும் அப்படியே போயின.

மாசியில் ஒருநாள் காமாட்சி இல்லை.

"இந்தியாவுக்குப் போயிட்டாங்க மிஸ். பாஸ்போட்டு வந்திருச்சு. புதன்கிழம தலைமன்னார் ரயிலு, அங்கருந்து கப்பலு."

"போறப்ப அழுதாளா?"

"பொட்டிய தூக்கறப்ப சீப்பு விழுந்து ஒடஞ்சிச்சு. அதுக்குத்தான் அழுதிச்சு. தேயில ஸ்டோர் வரைக்கும் கேட்டுச்சுன்னா பாத்துக்கங்க."

இது நல்ல செய்தி என்று சுசீலாவுக்குப் புரிந்தது. மகிழ முயன்றாள், முடியவில்லை. பழைய வரியை வெட்டிவிட்டு, 'அழுதாள்' என்று எழுதித் திகதி போட்டாள்.

வீட்டில் ஹமீமா, "சோறு போடட்டா மகள்?" என்றார்.

"போடுங்க."

சாப்பிட்டாள். பாதியில் கை நின்றது. ஹமீமா தண்ணீரை அருகில் நகர்த்தி வைத்துவிட்டு, பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார்.

அந்த வருடம் இறுதிப் பரீட்சையில் சாதாரண சித்திதான் கிடைத்தது. யாழ்ப்பாணத்துக்கு வரச்சொல்லி அப்பா அம்மாவிடமிருந்து கடிதம் வந்தது. மாத்தளையிலேயே ஆசிரியை நியமனம் கிடைத்ததால் போகவில்லை.