தூங்குகிறவளுக்கு ஒரு சைலன்சர்

சைலன்சர் விழுந்தது ஒரு மதியம், சாப்பிட்டுக் கிளம்பிய சூட்டில், போர்ட் பிளேரின் ஷாதிபூர் இறக்கத்தில். முதலில் டங்கென்று ஒரு சத்தம். அப்புறம் என் கார் போட்ட கூச்சலில் ரோட்டோரம் படுத்திருந்த நாய்கள் எல்லாம் எழுந்து ஓடின. பக்கத்து சீட்டில் என் மனைவி திடுக்கிட்டு விழித்தாள். தூங்க ஆரம்பித்து மூன்று நிமிடம்கூட ஆகியிருக்காது. நான் வண்டியை ஓரம்கட்டி இறங்குவதற்குள், பின்னால் வந்த பஸ் ஒன்று நடுரோட்டில் கிடந்த சைலன்சரின் ஒரு முனைமேல் நிதானமாக ஏறி இறங்கிப் போனது. டிரைவர் போகிற போக்கில் கையை வேறு ஆட்டினான்.

"போச்சு" என்றாள் அவள். சைலன்சரைச் சொல்லவில்லை. தூக்கத்தைச் சொன்னாள்.

என் காரைப் பற்றி ஒரு வார்த்தை. வண்டு மாதிரி முதுகு வளைந்த பழைய கார். என்ஜின் பின்னால் இருக்கும், காற்றிலேயே குளிர்ந்துகொள்ளும். ரேடியேட்டர் கிடையாது, தண்ணீர் ஊற்ற வேண்டாம். மெயின்லேண்டுக்கு மாற்றலாகிப் போன ஓர் அதிகாரியிடம் வாங்கினேன். "எப்பா, இதைக் கடல்ல தள்ளிட்டு ஒரு ஸ்கூட்டர் வாங்கு" என்று போர்ட் பிளேரில் எனக்கு அறிவுரை சொல்லாத ஆள் இல்லை. சொன்னவர்கள் யாருக்கும் இந்தக் கார் எதற்கு என்று தெரியாது. தெரிந்தால் சிரிப்பார்கள். என் மனைவி இதில்தான் தூங்குவாள்.

அவள் நிக்கோபாரில் இருக்கிற கட்சால் தீவுக்காரி. சிலோன் தோட்டத்திலிருந்து திரும்பி வந்து, கட்சால் ரப்பர் தோட்டத்தில் குடியேறிய குடும்பம். அப்பா அம்மா இருவரும் போன பிறகு அங்கே வீட்டில் மிஞ்சியிருந்தது ஒரே தங்கை. சுனாமி வந்த அந்த டிசம்பரில், லீவு நாலு நாள் தங்கையோடு இருந்துவிட்டு வருகிறேன் என்று கப்பல் ஏறினாள். தங்கை அலையில் போய்விட்டாள். இவள் பல நாள் கழித்து, யாருடைய சேலையையோ கட்டிக்கொண்டு, இங்கே ஹேடோ ஜெட்டியில் வந்து இறங்கினாள். என்ன நடந்தது என்று அவள் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. கேட்காமல் இருப்பதுதான் மரியாதை என்று நினைத்தேன்.

அதிலிருந்து அவளுக்கு இரவில் தூக்கம் துண்டு துண்டுதான். டாக்டர் மாத்திரை எழுதினார். தொட மாட்டேன் என்றுவிட்டாள். ஒருநாள் அந்த டாக்டரிடமிருந்து திரும்பும்போது நல்ல மழை. கண்ணாடி முழுக்க வெள்ளையாக ஆவி படிந்திருந்தது. திரும்பிப் பார்த்தால், தலையைக் கதவில் சாய்த்து, வாயைக் கொஞ்சம் திறந்து, இவள் தூங்குகிறாள்! வீட்டு வாசலைத் தாண்டி நான் பாட்டுக்கு ஓட்டிக்கொண்டே போனேன். கராச்சர்மா தாண்டி, பாக்குத் தோட்டங்களுக்கு நடுவே, எங்கே போகிறோம் என்று தெரியாமல், தெரியவும் வேண்டாமல் போனேன். மழை விட்டு வெயில் வந்ததும் பாக்கு மர நிழல்கள் ஒவ்வொன்றாக அவள் முகத்தில் ஏறி இறங்கின. என் வாழ்க்கையில் நான் அவ்வளவு சந்தோஷமாக இருந்த மதியங்கள் குறைவு.

அதுவே வழக்கமாகிவிட்டது. வேலையில் இருந்தபோது ஞாயிறும் விடுமுறையும், ரிட்டையரான பிறகு தினமும். சாப்பாடு முடிந்ததும் கிளம்புவோம். ஒன்றரை மணி நேரம். சில நாள் நான் ஓட்டுகிறேனா, மிதக்கிறேனா என்றே தெரியாது. ரோடு, மழைவாடை, பின்னாலிருந்து வரும் அந்த டக டக, பக்கத்தில் ஒரு மூச்சு. ரோட்டில் மாடு படுத்திருந்து வண்டியை நிறுத்தினால் மட்டும் கண்ணைத் திறப்பாள். என்னை ஒரு பார்வை பார்ப்பாள். மறுபடி மூடிக்கொள்வாள். என்ஜின் சத்தம் மாறுவதால் விழிப்பு வருகிறது என்று நானே முடிவு செய்துகொண்டேன். இருபது வருடமாக அந்த முடிவோடுதான் ஓட்டினேன்.

இப்போது சைலன்சர் இல்லை. ஜங்லிகாட்டில் ஒரு வெல்டர் இருக்கிறார், தூத்துக்குடிப் பக்கத்துக் கடற்கரையிலிருந்து வந்தவர். உப்புக்காற்று தின்றதையெல்லாம் இத்தனை வருடமாக அவர்தான் ஒட்டுப்போட்டுக் காப்பாற்றியிருந்தார். பழைய ஜீப் குழாய், பால்மாவு டின் தகடு, எது கிடைத்ததோ அது. விழுந்த சைலன்சரைக் கொண்டுபோய்க் காட்டி, பஸ் ஏறிய கதையையும் சொன்னேன். விரலால் ஒரு சுண்டு சுண்டினார். துரு பொலபொலவென்று கொட்டியது.

"ஒட்டுறதுக்கு இரும்பு வேணும்லா அண்ணே? இதுல துருதான் கெடக்கு. வண்டிய இங்க விட்டுட்டுப் போங்க. குழாய் தேடிப்பிடிச்சு புதுசாவே அடிச்சுத் தாரேன்."

"அரே பாய், உன் பால்மாவு டின் வேலையெல்லாம் போதும்" என்றேன். எனக்கு வாய் கொஞ்சம் நீளம். "மெயின்லேண்ட் ஐட்டம் வரட்டும். பாக்கத்தான் போற."

தீவில் இருக்கிற எங்களுக்கெல்லாம் ஒரு வியாதி. மெயின்லேண்டிலிருந்து கப்பலில் வந்தால்தான் அது பொருள். மூக்குக்கண்ணாடி ஸ்க்ரூவிலிருந்து மோட்டார் பம்பு வரைக்கும், கெட்டுப்போனதை ஒரு சாக்கில் கட்டி, சென்னைக்குப் போகிற யாரிடமாவது கொடுத்து, "சாம்பிள் இது, இதே மாதிரி வேணும்" என்று அனுப்புவோம். எதிர்வீட்டு கான்ட்ராக்டர் கண்புரை ஆபரேஷனுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். அவர் தலையில் கட்டினேன். அரிசிச் சாக்கில் சைலன்சர், அதன் கழுத்தில் நூலில் கட்டிய ஒரு சீட்டு. என் கையாலேயே எழுதினேன்: 'சாம்பிளில் உள்ளபடியே செய்யவும். மயிரிழைகூட மாறக் கூடாது.'

கப்பல் போனது. கார் கொட்டகையில் நின்றது. அவள் தூங்கவில்லை.

ஒரு வாரம் தாங்கினாள். அப்புறம் குக்கரில் அரிசி போடாமலேயே விசில் வரக் காத்திருந்தாள். பேசிக்கொண்டே இருக்கும்போது பாதி வாக்கியத்தில் நின்று, என்ன சொல்ல வந்தேன் என்று என்னையே கேட்டாள். ஒருநாள் காலையில் வீட்டுப் படிக்கட்டில் கால் தவறி, மணிக்கட்டு வீங்கிப்போனது. எனக்குப் பயமாக இருந்தது. பயம் வந்தால் எனக்குக் கோபமாகத்தான் வெளியே வரும். "கண்ணை மூடிப் படுத்தா வராதா? வேணும்னே முழிச்சிருந்தா எப்படி வரும்?" என்று கத்தினேன். "நித்திரை வந்தா கொள்ள மாட்டேனா?" என்றாள் அவள், சண்டைக்கு வராமல். அதற்குச் சண்டையே போட்டிருக்கலாம்.

டாக்சி வைத்து அதே ரோட்டில் கூட்டிப்போனேன். பின்சீட்டில் இருவரும் உட்கார்ந்தோம். ஏசி காற்று, மெத்தென்ற சீட்டு. கராச்சர்மா வருவதற்குள் நான் தூங்கிவிட்டேன். திரும்பி வந்து வாசலில் என்னைத் தட்டி எழுப்பியது அவள்தான். "நல்லா தூங்கினீங்க" என்றாள். கிண்டலா என்று தெரியவில்லை. அப்புறம் பழைய டேபிள் ஃபேனை எடுத்து, டக டக என்று அடிக்கிற மாதிரி அதன் கூண்டைத் தளர்த்தி, அவள் தலைமாட்டில் ஓட விட்டேன். அதற்கும் தூங்கியது நான்தான்.

ஒரு மாதத்துக்கு மேல் ஆனது. கான்ட்ராக்டர் கறுப்புக் கண்ணாடியோடு கப்பலிலிருந்து இறங்கினார், சாக்கோடு. அங்கேயே பிரித்தேன். பளபளவென்று புத்தம்புது சைலன்சர்! தூக்கிக்கொண்டு நேரே ஜங்லிகாட் போனேன். வெல்டர் முன்னால் வைத்துவிட்டு, எப்படி என்று கேட்கிற மாதிரி நின்றேன்.

அவர் இப்படித் திருப்பினார், அப்படித் திருப்பினார். கீழே உட்கார்ந்துவிட்டார். சிரிப்பு தாங்கவில்லை அவருக்கு.

"அண்ணே, இந்த முனை சப்பையா இருக்கு பாத்தியளா? பஸ் ஏறின எடம். அதையும் அப்படியே அச்சு அசலா அடிச்சு அனுப்பியிருக்கான். நான் வச்ச ஜீப் குழாய், அதுல இருந்த கோணல், எதையும் விடல. டயர் தடம் மட்டுந்தான் கொறச்சல்."

குனிந்து பார்த்தேன். உண்மைதான். புதுத் தகட்டில், அழகாக, அளவெடுத்துச் செய்த பள்ளம். பஸ் ஏறியதை நான் சீட்டில் எழுதவில்லை. மயிரிழைகூட மாறக் கூடாது என்று எழுதினேன், மாற்றாமல் கொடுத்துவிட்டார்கள். யாரைத் திட்டுவது? வழக்கம்போல எல்லோரையும் திட்டினேன். கடைசியில் மூச்சு வாங்கி ஒரு டயர் மேல் உட்கார்ந்தேன். "வீட்ல அவ தூங்கல பாய்" என்று வாய்தவறி வந்துவிட்டது. அது அவருக்குப் புரிந்திருக்க நியாயமில்லை. ஆனால் சிரிப்பை நிறுத்திவிட்டார்.

"சாம்பிள் எதுக்குண்ணே?" என்றார் மெதுவாக. "வண்டி இங்கதான நிக்கி. வண்டியில வச்சுல்லா அளக்கணும். அன்னைக்கே சொன்னேன்."

மறுநாள் காலை காரை அவர் பட்டறைக்கு இழுத்து வந்து, கட்டை கொடுத்துத் தூக்கி நிறுத்தினோம். இந்த என்ஜினில் சைலன்சர் நாலு இடத்தில் சேர வேண்டும். நாலு வாய் என்பார் அவர். மூன்று வாய் ஒழுங்காக உட்கார்ந்தால் நாலாவது முறைத்துக்கொண்டு நிற்கும். நாலாவதைச் சமாதானம் செய்தால் முதலாவது விலகிக்கொள்ளும். பலவந்தமாக போல்ட்டைப் போட்டு முறுக்கலாம், கொஞ்ச நாள் நிற்கும், அப்புறம் இடுக்கில் கசியும். குளிர்நாட்டுக்காரன் செய்த வண்டி. என்ஜின் சூட்டை உள்ளே ஊதுவதற்கென்று குழாய்கள் உண்டு. கசிகிற புகை அந்த வழியாக நேரே உள்ளே வரும். முழித்திருப்பவனுக்குத் தலைவலியோடு போகும். தூங்குகிறவளுக்கு? அதற்குமேல் நினைக்க எனக்குத் தைரியமில்லை.

சப்பை முனையை வெட்டி எறிந்தார். புதுத் தகட்டைச் சூடாக்கி விரித்தார். வைத்துப் பார்த்து, எடுத்து, அரம் போட்டு, மறுபடி வைத்துப் பார்த்தார். இரண்டு நாள். நான் சிமெண்டுத் தரையில் அவர் பக்கத்தில் மல்லாந்து படுத்து டார்ச் பிடித்தேன். வெளியே மழை விட்டு விட்டுப் பெய்தது. வண்டியின் வயிற்றைப் பார்த்தபடி படுத்திருந்தால் ஒரு மாதிரி மயக்கம். அவர் சுத்தியல் சத்தம் எங்கேயோ தூரத்தில் கேட்கிற மாதிரி இருந்தது. "டார்ச்சு அண்ணே, டார்ச்சு" என்று அடிக்கடி என்னை எழுப்பினார்.

இரண்டாம் நாள் சாயங்காலம் என்ஜினை ஓட விட்டு, நாலு வாயிலும் சோப்புத் தண்ணீர் தடவினார். மூன்று சுத்தம். நாலாவதில் சின்னதாக ஒரு குமிழி எழும்பி உடைந்தது. "பரவாயில்ல, விடு" என்று வேறு எவனாவது சொல்லியிருப்பான். இவர் மொத்தத்தையும் கழற்றினார். அடுத்த முறை குமிழி இல்லை. நானும் தடவிப் பார்த்தேன், மூன்று தடவை. என்ஜின் சத்தம் பக்கத்து வீட்டில் தையல் மெஷின் ஓடுவதுபோல அவ்வளவு அடக்கமாகிவிட்டது. எனக்கு அழுகை வந்தது, வெட்கமில்லாமல் சொல்கிறேன். கூடவே ஒரு பயமும். பழைய கடகடப்பு போய்விட்டதே, இதில் அவள் தூங்குவாளா?

மறுநாள் சாப்பிட்டுக் கிளம்பினோம். ஜங்லிகாட் நெரிசல் போனது, விமான நிலையச் சுவர் போனது. அவள் வீங்கிய மணிக்கட்டை மடியில் வைத்துக்கொண்டு, கண்ணைத் திறந்தபடியே வந்தாள். பாக்குத் தோட்டம் வந்துவிட்டது. அதற்குமேல் கேட்காமல் இருக்க என்னால் முடியவில்லை.

"சத்தம் பத்தலையா?" என்றேன்.

"எந்தச் சத்தம்?"

"பழைய சத்தம். அது இருந்தாத்தானே உனக்குத் தூக்கம் வரும்?"

அவள் முழுசாகத் திரும்பி என்னைப் பார்த்தாள். "அந்தக் கத்தல்லயும் எப்படி நித்திரை வந்துச்சுன்னு நானே நெனச்சிருக்கேன். சத்தத்துக்குன்னு யார் சொன்னா உங்களுக்கு?"

யாரும் சொல்லவில்லை. ரோட்டைப் பார்த்து ஓட்டினேன். கொஞ்ச தூரம் போன பிறகு, வெளியே பார்த்தபடி அவளே பேசினாள்.

"அன்னைக்கு பூமி ஆடினதும் எல்லாரும் வெளிய ஓடி வந்தோம். தங்கச்சிக்கு காய்ச்சல். ஆட்டம் நின்னதும் உள்ள போய்ப் படுத்துக்கிட்டா. மாத்திரை போட்டிருக்கா, நித்திரை கொள்ளட்டும்னு நான்தான் விட்டேன். சித்தி வீடு விழுந்துச்சான்னு பாக்க மேல ரப்பர் காட்டுக்கு ஏறிட்டேன். தண்ணி வந்தப்ப பக்கத்துல முழிச்சிருக்க அவளுக்கு ஒருத்தர் இல்ல."

நான் கியரைக் குறைத்து வண்டியை மெதுவாக விட்டேன்.

"வண்டி ஓடுதுன்னா நீங்க முழிச்சிருக்கீங்கன்னு அர்த்தம்" என்றாள். "வீட்டுல நீங்க தலையணையில தலை வச்சதும் போயிடுறீங்க."

"இத இந்த இருபது வருஷத்துல ஒரு தடவ சொல்லியிருக்கலாம்ல?"

"சொன்னா நீங்க தூங்க மாட்டீங்க. அப்பெல்லாம் காலைல வேலைக்குப் போகணும்ல."

இதைச் சொல்லி ஒரு வளைவு தாண்டுவதற்குள் அவள் தலை கதவில் சாய்ந்துவிட்டது. நான் இன்னும் தூரம் போனேன். மாடுகள் எழுந்து வழிவிட்டன. மழை வந்தது, போனது, மறுபடி வந்தது. திரும்பி ஷாதிபூர் ஏறும்போது வெளிச்சம் குறைந்திருந்தது. வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தினேன். இன்னொரு சுற்று போகலாமா என்று யோசித்தேன். போகவில்லை. சாவியைத் திருப்பினேன்.

என்ஜின் நின்றது. அவள் கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தாள்.

"இருக்கேன்" என்றேன்.

மூடிக்கொண்டாள். கூரைமேல் மழை விழுந்துகொண்டிருந்தது. எனக்கும் கண் சொக்கியது. தொடையைக் கிள்ளிக் கிள்ளிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.