குளிரைப் பசியென்று கேட்டவள்

இந்த ஊரில் நான் ஒவ்வொரு நாளும் சப்பாத்தோடு மற்றவர்களின் வீட்டுக்குள் நுழைகிறேன். பயிற்சிக்கு வந்த முதல் கிழமை, ஒரு முதியவரின் வாசலில் குனிந்து சப்பாத்துக் கயிற்றை அவிழ்க்கப் போனபோது, என் மேற்பார்வையாளர் ஹெலன் தோளில் மெதுவாகக் கைவைத்துத் தடுத்தார். “கழற்றாதே. எந்த வீட்டிலிருந்தும் எந்த நேரமும் சட்டென்று வெளியேறக்கூடியதாக இருக்க வேண்டும். அது நமது பாதுகாப்பு விதி” என்றார். ஒரு வீட்டுக்குள் போவதற்கு முன்பே அங்கிருந்து ஓடுவதைப் பற்றி யோசிக்க வேண்டுமா என்று எனக்குத் திகைப்பாக இருந்தது. கிண்ணியாவிலும் சாம்பல்தீவிலும் நான் போன வீடுகளில் வாசலில் கிடக்கும் செருப்புகளைப் பார்த்தே உள்ளே எத்தனை பேர், அதில் பிள்ளைகள் எத்தனை, மாப்பிள்ளை வேலைக்குப் போய்விட்டாரா என்பதை அறிந்துகொள்வேன். என் செருப்பும் அந்தக் குவியலில் சேர்ந்த பிறகுதான் கதை தொடங்கும். இங்கே ஈரச் சப்பாத்தோடு அவர்களின் கம்பளத்தில் நிற்கும்போது, வந்த வேலை முடியும்வரை என் கால்கள் கூசிக்கொண்டே இருக்கும்.

திருகோணமலையில் நான் சமூக சேவை அலுவலராக இருந்தவள். தர்ஷினி மிஸ் என்றால் கோட்டையடியிலிருந்து குறிஞ்சாக்கேணி வரைக்கும் ஆட்களுக்குத் தெரியும். பஸ் நிலையத்தில் காலையில் மான்கள் வாழைப்பழத் தோல் தின்றுகொண்டு நிற்கும்; அவற்றை விலத்திக்கொண்டு கிண்ணியா பஸ்ஸைப் பிடிப்பேன். நாடு நொடிந்துபோன காலத்தில் எங்கள் இரண்டு பேரின் சம்பளமும் மாத நடுவிலேயே கரையத் தொடங்கியது. கணவர் நேசன் துறைமுகத்தில் படகு எஞ்சின் திருத்தும் பகுதியில் வேலை. மகள் ஆரபி அப்போது மூன்றாம் வகுப்பு. இங்கிலாந்தில் சமூகப் பணியாளர்களுக்குத் தட்டுப்பாடு, ஒரு வருடப் படிப்போடு பயிற்சியும் முடித்தால் வேலை விசாவுக்கு நிறுவனமே பொறுப்பு நிற்கும் என்று கூடப் படித்த ஒருத்தி எழுதினாள். மாணவர் விசாவில் குடும்பத்தைக் கூட்டி வர ஏலாது. ஆகவே நான் தனியாக, இந்த வடகிழக்குக் கரைத் துறைமுக ஊருக்கு வந்து சேர்ந்தேன்.

வந்த நாளிலிருந்து என் வாழ்க்கை ஒரு சொல்லில் தொங்கிக்கொண்டிருந்தது. ஸ்பொன்சர். ஊரில் அந்தச் சொல்லை நான் கோயில் திருவிழாப் பதாகைகளிலும் பள்ளிக்கூட விளையாட்டுப் போட்டி அழைப்பிதழ்களிலும்தான் கண்டிருக்கிறேன். அனுசரணை, இன்ன புடவைக்கடை. பந்தலுக்கும் ஒலிபெருக்கிக்கும் வாங்குகிற அனுசரணை ஒரு மனுசிக்கும் வேண்டும் என்பது இங்கு வந்துதான் விளங்கியது. தனியே வாழும் முதியவர்களைப் பார்த்துக்கொள்ளும் ஒரு சிறு சமூகநல நிறுவனத்தில் எனக்குப் பயிற்சி கிடைத்தது. பயிற்சியின் முடிவில் ஹெலன் திருப்தி என்று எழுதினால் நிறுவனம் எனக்கு ஸ்பொன்சர் நிற்கும். நின்றால் நேசனும் ஆரபியும் வரலாம். நிற்காவிட்டால் மூவரும் மறுபடி ஒரே வீட்டில் இருப்போம், ஆனால் எந்த முகத்தோடு என்றுதான் தெரியவில்லை. என்னைப்போல் கேரளத்திலிருந்தும் நைஜீரியாவிலிருந்தும் வந்தவர்கள் அங்கே பயிற்சியில் இருந்தார்கள். ஊரில் எங்களிடம் பலர் வந்து கையெழுத்துக் கேட்டு நின்றவர்கள். இங்கே நாங்கள் ஒரு கையெழுத்துக்காக நின்றோம்.

ஆர்தர் என்பவரை எனக்குத் தனியாகப் பொறுப்புத் தந்தது குளிர்காலத் தொடக்கத்தில். ஆழ்கடல் இழுவைப் படகில் மீன்பிடித்து ஓய்ந்தவர். மனைவி மோரீன் இறந்து சில வருடமாகிவிட்டது. பனிமூட்டமான ஒரு காலையில் மணியை அடித்தேன். கதவைக் கால்வாசி திறந்து பார்த்தார். வீட்டுக்குள்ளேயே கனத்த மேலங்கி போட்டிருந்தார். முன் அறையில் நின்றபடியே, சுகமாக இருக்கிறீர்களா, ஏதும் தேவையா என்று கேட்டேன். அவர் கைகளை அக்குளுக்குள் திணித்துக்கொண்டு, “ஐயாம் ஸ்டார்வ்ட், லவ்” என்றார்.

பட்டினி. இவ்வளவு பெரிய தேசத்தில், வாழ்நாளெல்லாம் உழைத்த ஒரு மனிதர் தன் வாயால் பட்டினி என்கிறார். அனுமதியில்லாமல் ஒருவரின் சமையலறைக்குள் போகக்கூடாது, குளிர்சாதனப் பெட்டியைத் திறக்கக்கூடாது என்பது விதி. அதனால் நான் பார்க்கவில்லை. ஒஃபிசுக்கு ஓடி வந்து, அன்று பின்னேரமே அவருக்கு உணவுப் பெட்டி ஒன்று போய்ச்சேர ஏற்பாடு செய்தேன். பாணும் தகரப்பேணி மீனும் சூப்பும். வேலையைச் சரியாகச் செய்த நிம்மதியோடு பஸ் ஏறினேன்.

மறுநாள் ஆர்தரின் மகள் லிண்டா தொலைபேசியில் ஹெலனைப் பிடித்துக்கொண்டாள். அவளின் குரல் என் மேசைவரை கேட்டது. அப்பாவின் குளிர்சாதனப் பெட்டி நிறையச் சாப்பாடு, நான் ஒவ்வொரு ஞாயிறும் சமைத்து வைத்துவிட்டு வருகிறேன், தெருவே பார்க்க என் அப்பாவைப் பிச்சைக்காரர் ஆக்கிவிட்டீர்கள் என்றாள். நான் அனுப்பிய உணவுப் பெட்டியை ஆர்தர் தொடவே இல்லையாம். வாசலிலேயே மழையில் நனைய விட்டிருக்கிறார்.

ஹெலன் என்னைத் தன் அறைக்குக் கூப்பிட்டு இருத்தினார். “உன் மனசைப் பற்றி எனக்குச் சந்தேகம் இல்லை, தர்ஷினி. ஆனால் அவர் சொல்லாததை நீ கேட்டிருக்கிறாய். இந்த வேலையில் பாதி காதுதான். ஸ்பொன்சருக்கான பரிந்துரையை இப்போதைக்கு நிறுத்தி வைக்கிறேன்” என்றார். குரலில் கோபமில்லை. கோபப்பட்டிருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும்.

நான் காது இல்லாதவளா? அந்தக் கேள்வியோடு நடந்து வீட்டுக்குப் போனபோது என் மனம் குறிஞ்சாக்கேணிக்குத்தான் போனது. வேலைக்குச் சேர்ந்த புதிதில், களப்பில் மீன்பிடிக்கும் ஒருவர் இறந்து, மனைவி ரஹீமா இத்தாவில் இருந்தார். கணவனை இழந்த பெண் வெளி ஆண்களைக் காணாமல் வீட்டுக்குள் இருக்கும் காலம் அது. என்னோடு வந்த கிராம சேவகர் முற்றத்து வேம்பின் கீழ் நின்றுகொண்டார். நான் மட்டும் உள்ளே போனேன். பாயை விரித்து, “இருங்க மிஸ்” என்றார் ரஹீமா. உதவிப்பணம் பற்றிச் சொல்லிவிட்டு, சாப்பாட்டுக்கு எப்படி என்று கேட்டேன். “நாங்க திண்டுட்டம் மிஸ். அல்லாட காவல்ல ஒரு குறையும் இல்ல” என்றார். மூன்று பிள்ளைகளும் சுவரோடு சாய்ந்து சத்தமில்லாமல் இருந்தார்கள். சாப்பிட்ட பிள்ளைகள் அப்படி அமைதியாக இருக்கமாட்டார்கள். “எனக்கு ஒரு தேத்தண்ணி தாங்களன்” என்றேன். அவர் எழும்பிப் போக, நானும் பேச்சுக் கொடுத்தபடி குசினிக்குள் போனேன். அடுப்பில் பழைய சாம்பல். சோற்றுப் பானை கவிழ்த்தபடி காய்ந்துபோயிருந்தது. ரஹீமா அதைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். “வெளியில நிக்கிறவருக்குச் சொல்லிப்போடாதீங்க மிஸ்” என்றார். நான் சொல்லவில்லை. சொல்லாமலே செய்ய வேண்டியதைச் செய்தேன். பிறகொரு காலத்தில் அவர் பாலத்தடியில் இடியப்பம் அவித்து விற்றார். நான் போகும் பஸ்ஸை மறித்து ஜன்னலால் ஒரு பொதி தருவார். சம்பலின் காரம் ஒஃபிஸ் முழுக்க மணக்கும்.

எங்கள் பக்கத்தில் பசித்தவர்கள் சாப்பிட்டுவிட்டோம் என்பார்கள். அந்தப் பொய்யைக் கேட்கத் தெரிந்ததுதான் என் தொழில். இங்கே ஒருவர் பட்டினி என்று உண்மை சொன்னார் என்று நம்பினேன். அவர் வீட்டில் சாப்பாடு நிறைந்திருக்கிறது. அப்படியானால் அவர் என்னதான் சொன்னார்? லிண்டாவின் கோபத்துக்கும் ஹெலனின் கவலைக்கும் நடுவில் இதை ஒருவரும் கேட்கவில்லை.

அடுத்த நாள் ஹெலனிடம் இதைச் சொன்னேன். “மன்னிப்புக் கேட்கவாவது நான் அவரிடம் திரும்பப் போக வேண்டும்.” ஹெலன் சற்று யோசித்து, தானும் வருவதாகச் சொன்னார்.

ஆர்தர் எங்களைச் சமையலறைக்கே கூட்டிப்போனார். அங்கேதான் அவர் வாழ்கிறார் என்று தெரிந்தது. கதிரை, வானொலி, சுருட்டி வைத்த போர்வை எல்லாம் அங்கே. நான் பெட்டிக்காக மன்னிப்புக் கேட்டேன். பிறகு, “நீங்கள் ஸ்டார்வ்ட் என்றீர்கள். எனக்குத் தெரிந்த இங்கிலிசில் அது பசி. உங்களுக்கு அது என்ன?” என்று கேட்டேன்.

அவர் சிரித்தார். “பசியா? இல்லையம்மா. இங்கே நாங்கள் குளிரில் விறைத்தால் அப்படித்தான் சொல்வோம். என் அப்பா சொன்னார், நானும் சொல்கிறேன்” என்று கையை நீட்டினார். தொட்டுப் பார்த்தேன். ஐஸ் பெட்டிக்குள் இருந்து எடுத்த மீன்போல் இருந்தது. ஹெலன் என் பக்கம் திரும்பி, “எனக்கும் தெரியாது. நான் தெற்கில் பிறந்தவள்” என்றார்.

வீட்டைச் சூடாக்கும் பொய்லர் போன குளிர்காலமே பழுதாகிவிட்டது. திருத்த ஆள் பிடிக்க அவர் விடவில்லை, லிண்டாவுக்கும் சொல்லவில்லை; அவள் சமைக்க வரும் ஞாயிறுகளில் அடுப்புச் சூடு அதை மறைத்துவிட்டது. பொய்லர் மேல்மாடியில் மோரீனின் அறை அலுமாரிக்குள் இருந்தது. “திருத்த வருகிறவன் அவளுடைய சாமான்களைத் தூக்கி எறிந்துவிட்டுத்தான் உள்ளே போவான்” என்றார். இரண்டு குளிர்காலமாக அந்தக் கதவை அவர் திறக்கவில்லை.

“ஒருவரும் எறியமாட்டார்கள். நானே எடுத்து வைக்கிறேன். எதை எங்கே வைக்க வேண்டும் என்று நீங்கள் சொல்லுங்கள்” என்றேன்.

அவர் ஏறி வர நேரமெடுத்தது. கட்டில் விளிம்பில் அவர் இருக்க, நான் அலுமாரியைத் திறந்தேன். மேலங்கிகள், தொப்பிகள், பாதி பின்னிய நீலநிறச் சட்டை ஒன்று ஊசியோடு. ஒவ்வொன்றையும் தூக்கிக் காட்டினேன். இது கட்டிலில், அது லிண்டாவுக்கு, அதை இங்கே தா என்றார். ஊசியோடிருந்த சட்டையை அவர் மடியில் வைத்துக்கொண்டார். இடையில், நீ எந்த ஊர் என்று கேட்டார். திருகோணமலை, துறைமுகம் என்றேன். துறைமுகம் என்ற சொல்லில் அவர் முகம் மாறியது. என்ன மீன் என்றார். சூரை, பாரை, விளை, கட்டா என்று தமிழிலேயே சொன்னேன். இங்கிலிசுப் பெயர் எனக்கு ஒன்றுக்கும் தெரியாது. அவர் தன்னுடைய மீன்களைச் சொன்னார். எனக்கு விளங்கவில்லை. ஆனால் அதிகாலையில் படகுகள் கரைக்கு வரும்போது டீசலும் உப்பும் செதிலும் கலந்து வரும் மணத்தைப் பற்றிச் சொன்னபோது இருவருக்கும் மொழிபெயர்ப்புத் தேவைப்படவில்லை. நேசன் வேலை முடிந்து வரும்போது அவர் சட்டையில் அதேதான் மணக்கும். நான் அலுமாரிக்குள் முகத்தை வைத்துக்கொண்டு சற்று நேரம் திரும்பவில்லை. ஹெலன் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

அந்தக் கிழமையே பொய்லரைத் திருத்தினார்கள். லிண்டா ஒஃபிசுக்கு வந்து, என்னோடு அதிகம் பேசாமல், கேக் ஒன்றை மேசையில் வைத்துவிட்டுப் போனாள். பயிற்சி முடியும்போது ஹெலன் எழுதிய பரிந்துரையில் ஒரு வரி இருந்தது: விளங்காதபோது திரும்பப் போய்க் கேட்பார். நிறுவனம் எனக்கு ஸ்பொன்சர் நின்றது.

நேசனுக்குத் தொலைபேசியில் சொன்னேன். “நல்லது. நீர் பட்ட பாடு வீண்போகேல்லை” என்றார். பிறகு, “வீட்டை என்ன செய்யிறது? வாடகைக்குக் குடுக்கிறதோ, பூட்டிப்போட்டு வாறதோ?” என்று கேட்டார்.

“நீங்கள் என்ன நினைக்கிறியள்?”

“பூட்டினா திரும்பி வருவம் எண்டு அர்த்தம். அதுதான் கேட்டனான்.”

விசாப் படிவங்களைப் பற்றிப் பேச்சை மாற்றினேன். இன்றுவரைக்கும் அதற்குப் பதில் சொல்லவில்லை. என்னைப்போல் வந்து இங்கே வேலை பார்க்கும் எவரிடம் கேட்டாலும், அவரவர் ஊரில் ஒரு வீடு பூட்டியபடி கிடக்கிறது.

அவர்கள் வருவதற்கான விசா வேலைகள் நடந்துகொண்டிருக்கின்றன. குளிர்காலத்தில் இங்கே பிந்தித்தான் விடியும்; இன்று காலை வேலைக்குப் போகுமுன் கடற்கரைச் சுவரடியில் நின்று ஆரபிக்கு வீடியோ அழைப்பு எடுத்தேன். பள்ளிக்கூடம் விட்டு வந்த வெள்ளைச் சட்டையோடு, வியர்வையில் ஒட்டிய நெற்றி மயிரோடு திரையில் வந்தாள்; அங்கே அப்போது மதியம் தாண்டியிருந்தது. பின்னால் வீதியில் ஐஸ்கிறீம் வண்டியின் பாட்டுக் கேட்டது.

“அம்மா, அங்க வந்தா நான் கதைக்கிறது அவையளுக்கு விளங்குமா?”

“முதல்ல கொஞ்சம் பிழையா விளங்கும். திரும்பத் திரும்பச் சொன்னா சரிவரும்.”

“அவையள் கதைக்கிறது எனக்கு?”

“அதுவும் அப்பிடித்தான் செல்லம்.”

ஓம் என்று தலையாட்டிவிட்டுச் சோறு தின்னப் போய்விட்டாள். நான் கடலைப் பார்த்தேன். இந்த ஊரும் எங்கள் ஊரைப்போலக் கிழக்கைப் பார்த்த ஊர். சூரியன் கடலுக்குள்ளிருந்துதான் வரும். வந்த புதிதில் அதற்காகவே இந்த ஊர் எனக்குப் பிடித்துப்போனது. இப்போது சூரியன் சாம்பல் நிற நீருக்கு மேல் மெல்லக் கிளம்பி வந்தது. உச்சி வெயிலாகி என் பிள்ளையைக் கருக்கி, அவள் உடுப்பைக் காயவைத்து, திருகோணமலைக்கு ஏற்கெனவே பாதிப் பகலைக் கொடுத்துவிட்ட சூரியன். எனக்கு அப்போதுதான் விடிந்துகொண்டிருந்தது.