பார்க்காமல் சொன்ன பதில்

ஆஸ்பத்திரியில் தோல் நோய் ஓ.பி.யில் இருபத்தெட்டு வருஷம் ஆயா வேலை பார்த்தேன். சீட்டில் உள்ள பேரை எழுத்துக்கூட்டித்தான் படிப்பேன். ஆனால் எது படை, எது சொறி என்று டாக்டர் சொல்லுமுன் சொல்லிவிடுவேன். அந்தப் பெருமை எனக்கு இன்றும் உண்டு. ஒருமுறை அதுவே என்னைக் கவிழ்த்தது.

காரைக்கால்மேட்டில் மீன் விற்கும் செல்வி, விரலிடுக்கில் சேற்றுப்புண் என்று வந்தாள். மருந்து வாங்கியதும் என்னைத் தனியே இழுத்து, இடுப்பில் ஒரு புண் ஆறவே இல்லை என்றாள். கூடை தூக்கி நடக்கிற பெண்கள் பாவாடை நாடாவை இறுக்கித்தான் கட்டுவார்கள். இடுப்பைச் சுற்றிக் கறுத்த தடம் விழும். எனக்கும் உண்டு. அதனால் நான் பார்க்கவே இல்லை.

"நாடா புண்ணுதான். கொஞ்சம் தள்ளிக் கட்டு, தேங்கா எண்ணெ தடவு" என்று அனுப்பிவிட்டேன்.

ஆறு மாதம் கழித்து மறுபடியும் கைப் புண்ணுக்குத்தான் வந்தாள். திரும்பி நின்றபோது இடுப்புச் சேலையில் ரத்தக் கறை. டிரெஸ்ஸிங் ரூமுக்குள் கூட்டிப் போய்க் கதவைச் சாத்தினேன். நாடாத் தடத்தின்மேல் எட்டணாக் காசு அகலத்துக்குப் புண். ஓரம் தடித்துக் கல் மாதிரி இருந்தது. பஞ்சு பட்டதும் ரத்தம் கசிந்தது.

டாக்டரம்மாவிடம் காட்டச் சொன்னால் வெட்கம், மாட்டேன் என்றாள்.

"தெனம் ஊரு மீன் வயித்தையெல்லாம் கிழிச்சுப் பாக்குற. உன் இடுப்பக் காட்ட வெக்கமாடி? வா, நான் பக்கத்துலயே நிக்கிறேன்."

டாக்டரம்மா தொடை இடுக்கில் நெறி கட்டியிருக்கிறதா என்று தொட்டுப் பார்த்தார், இல்லை. புண்ணில் கொஞ்சம் சதை எடுத்து பயாப்சிக்கு அனுப்பினார். தோல் கேன்சர் என்று வந்தது. இன்னும் பரவவில்லை, சுற்றியுள்ள நல்ல தோலையும் சேர்த்து எடுத்துவிட்டால் குணமாக நல்ல வாய்ப்பு இருக்கிறது என்றார்.

"இத்தனை மாசமா யாருகிட்டயும் காட்டலையாம்மா?" என்று கேட்டார்.

செல்வி தலையைக் குனிந்துகொண்டாள். என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. நானே முன்னால் வந்து சொன்னேன்.

"எங்கிட்டதாம்மா கேட்டுச்சு. நான் பாக்காமயே அனுப்பிட்டேன்."

ஆபரேஷன் செய்து, தொடைத் தோலை எடுத்து ஒட்டினார்கள். தவறாமல் செக்கப்புக்கு வந்தாள். ஒரு வருஷம் தாண்டியும் புண் திரும்பவில்லை. அப்படி ஒருமுறை வந்தபோது கூடவே இரண்டு மீன்காரப் பெண்களைக் கூட்டி வந்திருந்தாள்.

"இவளுவளுக்கும் இடுப்புல புண்ணாம்க்கா, ஒரு மாசமா ஆறலையாம். பாத்துட்டுச் சொல்லு."

கதவைச் சாத்தினேன். இருவரின் புண்ணையும் பார்த்தேன். வெறும் உராய்வு மாதிரித்தான் தெரிந்தது. புதிதாக இந்த வேலைக்கு வருகிற பெண்களே, உங்களுக்காகத்தான் இதைச் சொல்கிறேன்: அப்போதும் அது நாடா புண் என்று நான் சொல்லவில்லை. ஒரு மாதம் ஆறாத புண்ணுக்குப் பேர் வைப்பது நம் வேலை இல்லை. இருவரையும் டாக்டரம்மா முன்னால் உட்கார வைத்தேன்.