மூடாத லேப்டாப்பும் மூன்று மணிக் கல்யாணமும்

எங்கள் மருத்துவமனையில் கம்ப்யூட்டர் வேலை பார்ப்பவருக்குத் 'திறந்த வாய்' என்று பெயர். பாவம், அவர் வாயைத் திறந்து நாலு வார்த்தை சேர்ந்தாற்போல் பேசி நான் பார்த்ததில்லை. அவருடைய லேப்டாப்தான் மூன்று வருடமாக வாயைப் பிளந்துகொண்டே இருந்தது. சாப்பிடப் போனாலும் அதைத் திறந்தபடியே இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு போவார். ஒருமுறை மேசை துடைக்க வந்த அம்மா பழக்க தோஷத்தில் அதை மூடிவிட்டார். அன்றைக்கு வெளிநோயாளிகள் பிரிவில் நடந்த கூத்தைச் சொல்லி மாளாது.

விஷயம் இதுதான். நோயாளிகளுக்கு டோக்கன் கொடுக்கும் புரோகிராமை அவர்தான் பைத்தான் என்ற கம்ப்யூட்டர் மொழியில் எழுதினார். மொத்தம் நாலு கவுன்டர், முதல் கவுன்டர் நான். யார் பொத்தானை அழுத்தினாலும் அடுத்த எண் சீட்டில் அச்சாகி வரும். நல்ல வேலைதான், குறை சொல்ல மாட்டேன். ஆனால் முதல் நாள் "சும்மா டெஸ்ட்டுக்கு" என்று தன் லேப்டாப்பிலேயே ஓட்டிக் காட்டினார். மேலிடத்துக்குப் பிடித்துப்போய் மறுநாளே புழக்கத்தில் விட்டுவிட்டார்கள். அந்த டெஸ்ட் மூன்று வருடம் நடந்தது! மூடியை மூடினால் டோக்கன் நிற்கும் என்பதால் மனுஷன் லீவே எடுக்கவில்லை. அவரை வளர்த்து ஆளாக்கிய அக்கா வழுக்கி விழுந்து காலை உடைத்துக்கொண்டபோதுகூட, கவுன்டர் மூடிய பிறகுதான் போய்ப் பார்த்தார். அதற்கு நான் இரண்டு நாள் அவரோடு பேசவில்லை.

அந்த அக்காவுக்குத்தான் கல்யாணம், நாற்பத்தேழு வயதில். வியாழக்கிழமை மூன்று மணிக்குப் பதிவு அலுவலகத்தில். தம்பிதான் முதல் சாட்சி. அக்காவே என் கவுன்டருக்கு வந்து சொன்னார்.

"மேடம், அவன் வந்து கையெழுத்துப் போட்டாதான் எனக்குக் கல்யாணம். அந்தப் பெட்டியத் தூக்கிட்டு வந்தான்னா வாசல்லயே திருப்பி அனுப்பிடுவேன். சொல்லி வைங்க."

அதற்குப் பிறகுதான் ஆள் அசைந்தார். ஸ்டோர் ரூமில் கிடந்த ஒரு கம்ப்யூட்டரைச் சண்டை போட்டு வாங்கி, தூசி தட்டி, புரோகிராமை அதில் ஏற்றினார். அப்ளிகேஷன் சர்வர் என்று ஒன்றையும் அதில் போட்டார்.

"அது என்ன வேலை பாக்கும் தம்பி?"

"இத்தனை நாள் நான் பாத்த வேலைதான் மேடம். கம்ப்யூட்டர் ஆன் ஆனதும் தானா ஓட்டும். புரோகிராம் விழுந்தா எழுப்பி விடும். கூட்டம் ஜாஸ்தின்னா, அதே புரோகிராம நாலா ஓட்டி வேலையப் பிரிச்சுக் குடுக்கும்."

"அப்ப இனிமே நீங்க எதுக்கு?" என்றேன். அவர் சிரிக்கவில்லை.

புதன்கிழமை முழுக்க நாலாகப் பிரிக்காமல் ஒன்றாக மட்டும் ஓடவிட்டுப் பார்த்தார். ஒரு பிசகும் இல்லை. வியாழன் காலையும் அப்படியே. அத்தோடு கிளம்ப வேண்டியதுதானே? மாட்டார். பத்து நிமிடத்துக்கு ஒருதரம் ஸ்டோர் ரூமுக்கு ஓடினார், வந்தார், உட்கார்ந்தார், மறுபடி ஓடினார். கல்யாணச் சட்டையில் பட்டனை மாற்றிப் போட்டிருந்தார். நான் சொல்லித்தான் சரி செய்தார்.

"மத்தியானக் கூட்டம் தாங்காம நின்னுடுச்சுன்னா?"

"நிக்காது. கெளம்புங்க, பஸ் போயிடும்."

"ஒரே நிமிஷம் மேடம்."

போய், எத்தனை புரோகிராம் ஓட வேண்டும் என்பதற்கு ஒன்று என்று இருந்த இடத்தில் நாலு என்று மாற்றினார். டோக்கன் பக்கம் திரையில் திறக்கிறதா என்று பார்த்தார். திறந்தது. லேப்டாப்பை மூடி என் மேசை இழுப்பறையில் வைத்துவிட்டு ஓட்டமாக ஓடினார்.

இரண்டு மணிக்குக் கவுன்டர் திறந்தது. மதியத்துக்கு எண் மறுபடி ஒன்றிலிருந்து தொடங்கும். முதல் ஆளுக்கு ஒன்று வந்தது. அடுத்த ஆளுக்கும் ஒன்று. பக்கத்துக் கவுன்டரில் இரண்டு, அதற்குப் பக்கத்தில் மறுபடியும் ஒன்று. கால் மணி நேரத்தில் டாக்டர் அறை வாசலில் மூன்றாம் எண்ணோடு நாலு பேர் நின்று ஒருவர் சட்டையை ஒருவர் பிடிக்காத குறைதான்.

எண்ணிக்கையை அவர் எங்கேயும் எழுதி வைக்கவில்லையாம். புரோகிராம் தன் நினைவிலேயே வைத்திருந்ததாம். ஒன்றாக ஓடியவரை சரி. நாலாக ஓடியதும் நாலும் தனித்தனியாக எண்ணத் தொடங்கிவிட்டன. இதெல்லாம் எனக்கு மறுநாள்தான் தெரியும். அப்போது தெரிந்தது ஒன்றுதான்: இப்போது போன் செய்தால் மனுஷன் பாதி வழியில் பஸ்ஸை விட்டுக் குதித்து ஓடி வந்துவிடுவார். அங்கே அந்த அக்கா காத்துக்கொண்டு நிற்பார்.

போனில் அவர் எண்ணைக்கூடத் தேடி எடுத்துவிட்டேன். பிறகு போனை லேப்டாப்புக்கு மேலேயே போட்டு இழுப்பறையைச் சாத்தினேன்.

"யாராவது அவருக்குப் போன் பண்ணீங்க, அப்புறம் நான் மனுஷியா இருக்க மாட்டேன்!" என்று மற்ற மூன்று கவுன்டருக்கும் கத்தினேன். சீட்டுகளையெல்லாம் திரும்ப வாங்கி, எல்லாரையும் ஒரே வரிசையில் நிறுத்தி, பேனாவால் எண் எழுதிக் கொடுத்தேன். ஐந்து மணிக்குள் தொண்ணூற்று மூன்று சீட்டு. வாங்கிய திட்டுக்குக் கணக்கில்லை. மூன்று மணி அடித்தபோது மட்டும் ஒரு நிமிடம் பேனாவை நிறுத்தினேன். அழுகை வரும்போல் சந்தோஷமாக இருந்தது.

மறுநாள் காலை அக்கா இனிப்புப் பெட்டியோடு வந்தார், கூடவே தம்பி.

"நேத்து ஏன் மேடம் ஒரு போன்கூட வரல?" அதுதான் தம்பியின் முதல் கேள்வி.

நடந்ததைச் சொன்னேன். "அய்யோ, எண்ணிக்கை!" என்று நெற்றியில் அடித்துக்கொண்டார்.

அக்கா என் கையைப் பிடித்தார். "நல்ல மனசோடதான் செஞ்சீங்க மேடம். ஆனா போன் பண்ணியிருக்கலாம். ரெண்டு வார்த்தை பேசிட்டு வச்சிருப்பான். போன் வரல, போன் வரலன்னே இவன் உயிர் போச்சு."

கல்யாணப் போட்டோவைக் காட்டினார். மாப்பிள்ளை கேமராவைப் பார்த்துச் சிரிக்கிறார். அக்கா தம்பியைப் பார்க்கிறார். தம்பி வலது கையால் கையெழுத்துப் போட்டுக்கொண்டே இடது கையிலிருக்கும் போனைப் பார்க்கிறார்.

தம்பி அதை வாங்கிப் பார்த்தார்.

"அக்கா, இன்னொரு தடவை போய் எடுத்துக்கலாமா?"

"இன்னொரு கல்யாணம் பண்ணிக்கற வயசாடா எனக்கு?" என்று அக்கா சிரித்தார். எங்கள் இரண்டு பேருக்கும் சிரிப்பு வரவில்லை.