முப்பத்தொரு வருட ஹெல்ப்பர்

அமெரிக்காவின் தெற்கே இருக்கிற பர்மிங்ஹாம் இரும்பின் கதையை யார் எழுதினாலும் முதலாளிகளின் பெயரில்தான் தொடங்குவார்கள். மலையில் தாது கிடந்தது, பக்கத்திலேயே நிலக்கரியும் சுண்ணாம்புக்கல்லும் கிடந்தன, மகராசன்கள் வந்து ஊரை உண்டாக்கினார்கள் என்று எழுதுவார்கள். அந்த மூன்றையும் உலையில் போட்டு உருக்கி, கூடவே தானும் வெந்தவர்களில் ஒருவர் ஹோசியா கில்மர். அவரைப் பற்றி எழுத ஆளில்லை.

1935-ல், இருபத்திரண்டு வயதில், பருத்திக் காட்டை விட்டு உலைக்கு வந்தார். அன்று சம்பளச் சீட்டில் 'ஹெல்ப்பர்' என்று எழுதினார்கள். முப்பத்தொரு வருடம் அந்தச் சொல் மாறவில்லை. கறுப்பருக்கு அதற்கு மேல் வேலை கிடையாது, அவ்வளவுதான். ஆனால் அவர் செய்தது ஹெல்ப்பர் வேலையா என்றால், இல்லை. உலைக்குக் காற்று போகிற குழாயில் கண் அளவுக்கு ஒரு துளை இருக்கும். நீலக் கண்ணாடியை வைத்து அதில் ஒரு பார்வை பார்த்தால் போதும், உள்ளே சூடு ஏறுகிறதா இறங்குகிறதா என்று சொல்லிவிடுவார். காற்றை எப்போது கூட்டுவது, உலை வாயை எப்போது திறந்து இரும்பை ஓடவிடுவது என்பதெல்லாம் அவர் சொன்னபடிதான் நடக்கும். அவர் சொன்னதைத் திருப்பிச் சொல்லி உத்தரவாக்குவதற்கு ஒரு உலை மேஸ்திரி இருப்பார். அந்த மேஸ்திரி எப்போதும் வெள்ளைக்காரர்.

இப்படி எட்டு மேஸ்திரிகளை ஹோசியா பழக்கிவிட்டிருந்தார். எட்டாமவன் ராய்ஸ். வந்தபோது எது கசடு, எது இரும்பு என்று கூடத் தெரியாது. இரண்டு வருடம் கையைப் பிடித்துச் சொல்லிக் கொடுத்தார். அதன் பிறகு அவன் மேலே காப்பியோடு உட்கார்ந்துகொண்டு, "ஏய் ஹோசியா, இன்னிக்கு எப்படி இருக்கு?" என்று கேட்பான். நோகாமல் நுங்கு தின்பது என்றால் அதுதான். வயதில் தன்னில் பாதி இருந்தவனை ஹோசியா 'மிஸ்டர் ராய்ஸ்' என்றுதான் கூப்பிட வேண்டும்.

கூலி கூடுதலாக வந்தால் அவர் வேண்டாம் என்று சொல்லியிருக்கமாட்டார். ஆனால் அவர் ஆசைப்பட்டது கூலிக்கு அல்ல. செய்கிற வேலைக்கு உரிய பெயர் வேண்டும். மேஸ்திரி என்று ஒருதரமாவது எழுதவேண்டும்.

நிறம் பார்த்து வேலை கொடுக்கக்கூடாது என்று சட்டம் வந்தது. இரண்டு வருடம் கழித்துத்தான் கம்பெனிக்கு அது காதில் விழுந்தது. கறுப்பர்களும் மேஸ்திரி வரிசைக்கு மனுப் போடலாம் என்று அறிவிப்பு ஒட்டினார்கள். சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்க வேண்டுமே! அறிவிப்பின் அடியில் சின்ன எழுத்தில் இன்னொன்றும் இருந்தது. வரிசை மாறுகிறவருக்குப் பழைய சர்வீஸ் செல்லாது, முதல் நாளிலிருந்து எண்ணப்படும். ஆள் குறைப்பு வந்தால் அந்தந்த வரிசையில் கடைசியாகச் சேர்ந்தவர் முதலில் போகவேண்டும்.

மனைவி எர்லீன் சலவைக்கடையில் நாள் முழுக்க இஸ்திரி போட்டுவிட்டு வந்தவள், அதை இரண்டு முறை சத்தமாகப் படித்தாள்.

"முப்பத்தொரு வருஷத்தைத் தூக்கி அவனுங்க கையில குடுத்துட்டு வெறுங்கையோட நிக்கப்போறியா?"

"இத்தனை நாளும் அவனுங்க கையிலதானே இருந்துச்சு எர்லீன். பேராவது என்னோடதா இருக்கட்டும்."

கையெழுத்துப் போட்டார். மூன்றாம் ஷிப்டுக்கு மேஸ்திரி ஆனார். எர்லீன் இரண்டு நாள் பேசவில்லை. மூன்றாம் நாள் சர்க்கரைவள்ளிக் கிழங்கில் இனிப்பு சுட்டு, தேவாலயத்துக்குக் கொண்டுபோய் எல்லோருக்கும் கொடுத்தாள். பதினோரு மாதம் அவர் மேஸ்திரியாக இருந்தார். அந்த ஷிப்டு இரும்பில் ஒரு குறை வந்ததில்லை. ஆனால் மேஸ்திரிகள் சாப்பிடும் அறைக்குள் அவர் போனால் மற்றவர்கள் டப்பாவை மூடிக்கொண்டு வெளியே போவார்கள். சோள ரொட்டியையும் பயறையும் தனியாகத் தின்றார். அதைக்கூட அவர் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்தது. வியாபாரம் குறைந்து, இரண்டு உலைகளில் ஒன்றை அணைத்தார்கள். மேஸ்திரி வரிசையில் கடைசிப் பெயர் ஹோசியா கில்மர். அவரிடம் வேலை கற்ற ராய்ஸ் வேலையில் இருந்தான், அவர் வீட்டுக்குப் போனார். பழைய வரிசையிலேயே இருந்திருந்தால் அவருக்குக் கீழே, அவருக்கு முன்னால் வெளியே போக, அறுபது பேர் இருந்திருப்பார்கள்.

இரண்டு மாதம் கழித்து ஒரு மத்தியானம் ராய்ஸின் லாரி வீட்டு முன்னால் வந்து நின்றது. ஹோசியா தோட்டத்தில் கீரைக்கு மண் அணைத்துக்கொண்டிருந்தார். ராய்ஸ் இறங்கவில்லை.

"உலை தொங்குது ஹோசியா. நேத்திலேருந்து உள்ள போட்ட சரக்கு கீழ இறங்கலை. என்ன பண்றதுன்னு தெரியலை."

மேலே சிக்கி நிற்கிற சரக்கு ஒரேயடியாக விழுந்தால் உலை வெடித்துவிடலாம். கீழே நிற்கிறவன் கரியாகிவிடுவான். கீழே நிற்கிறவர்களில் ஒருவன் வில்பர்ட், ஹோசியாவின் தங்கை மகன். ஆறு வருடத்துக்கு முன் ஹோசியாவே சொல்லிச் சேர்த்துவிட்ட ஆள். ராய்ஸுக்கு அது நன்றாகத் தெரியும். ஹோசியா கையைக் கழுவிவிட்டு லாரியில் ஏறினார்.

துளையில் கண்ணை வைத்துப் பார்த்தார். ஆட்களை எல்லாம் வெளியே போகச் சொன்னார். காற்றைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து, கடைசியில் அடியோடு நிறுத்தச் சொன்னார். தரை அதிர ஒரு சத்தம், கூரை மறையச் செந்தூசி. காற்று நின்றிருந்ததால் உலை வெடிக்காமல் சரக்கு இறங்கிவிட்டது. ஒருவருக்கும் ஒரு கீறல் இல்லை. ராய்ஸ் காற்றைக் குறைத்து உலையைக் காப்பாற்றினான் என்று அன்றைய அறிக்கையில் எழுதினார்கள்.

சூப்பரின்டென்ட் கூப்பிட்டு, பழைய வரிசையில் ஒரு இடம் இருக்கிறது, வருகிறாயா என்று கேட்டார். என்னவோ தர்மம் செய்கிற முகம். ஹெல்ப்பர் வேலைதான், புதிய ஆளாகச் சேரவேண்டும்.

"நான் விட்டுட்டு வந்த முப்பத்தொரு வருஷமும் அந்த வரிசையிலதானே சார் கிடக்கு?"

விட்டது விட்டதுதான், விதியில் இடமில்லை என்றார் அவர். ஐம்பத்து நாலு வயதில், தீயில் வெந்த கையோடு வேறு எங்கே போய் வேலை கேட்பது? எர்லீன் ஒருத்தி இஸ்திரி போட்டு எத்தனை நாள் ஓட்டமுடியும்? திங்கட்கிழமை போனார்.

ஓடிவந்த இரும்பின் மிச்சமும் கசடும் உறைந்து கிடக்கிற வாய்க்காலைச் சுரண்டுவதுதான் உலையில் மிகக் கேவலமான வேலை. அன்றைக்கு யார் புதுசோ அவர்தான் அதைச் செய்யவேண்டும். அந்த ஷிப்டில் வேலை பங்கு போட்டுக் கொடுக்கிற முறை வில்பர்ட்டுடையது. அவன் எல்லோருக்கும் சொல்லி முடித்தான். மாமாவைப் பார்க்கவில்லை. வாய்க்காலுக்கு ஆள் சொல்லாமல் தானே மண்வெட்டியை எடுத்துக்கொண்டு இறங்கினான்.

ஹோசியா பின்னாலேயே போய் அதைப் பிடித்தார்.

"விடுங்க மாமா. நான் பாத்துக்கறேன்."

"உனக்கு ஆறு வருஷம் மாப்ள. எனக்கு ஒரு நாள். தள்ளு."