தாத்தா எப்படிச் செத்தார்?

போன ஞாயிற்றுக்கிழமை என் அக்கா மகள் சுகன்யாவைப் பெண் பார்க்க வந்தார்கள். கினிகத்தேனையில் கடை வைத்திருக்கும் குடும்பம். தாய்மாமன் இல்லாமல் பேச்சு ஆரம்பிக்குமா? ஹட்டனிலிருந்து முதல் பஸ்ஸிலேயே அக்கா இருக்கும் தேயிலைத் தோட்டத்துக்குப் போய்விட்டேன்.

வாசலிலேயே அக்கா மடக்கினாள். இந்தச் சம்பந்தம் மட்டும் தட்டிப்போகக் கூடாதாம். அப்பா எப்படிச் செத்தார் என்று கேட்டால் வயசாகி என்று சொல்ல வேண்டுமாம். பெரியண்ணன்? ஹார்ட் அட்டாக்காம்!

உண்மை வேறு. இருவருக்கும் சீனி வியாதி. இருவருக்கும் கடைசியில் கிட்னி போய்விட்டது. தோட்டத்து லயத்து வீடுகளில் அதை யார் கிட்னி என்றார்கள்? கால் வீங்கிச் செத்தார் என்பார்கள், அவ்வளவுதான்.

இப்போது அக்காவுக்கும் சீனி, எனக்கும் சீனி. போன வருடம் அக்காவைக் கிளினிக்குக்குக் கூட்டிப்போன சுகன்யா, டாக்டரிடம் வீட்டுக் கதை முழுவதையும் கொட்டிவிட்டாள். சீனி உள்ள எல்லோருக்கும் கிட்னி கெடுவதில்லையாம். ஆனால் சில குடும்பங்களில் அந்த ஆபத்து மரபணுவிலேயே கொஞ்சம் கூடுதலாம். வந்தே தீரும் என்றில்லை... கால் வீங்கும்வரை காத்திருக்காமல் வருடா வருடம் யூரினைச் சோதித்துப் பாருங்கள் என்றாராம். பார்த்தால், அக்காவுக்கு யூரினில் லேசாகப் புரதம் போக ஆரம்பித்திருந்தது; கிட்னி கெடுவதற்கு அதுதான் முதல் அடையாளமாம். மருந்து கொடுத்தார்கள். இன்றும் கொழுந்து பறிக்க மலை ஏறுகிறாள். என்னையும் விடாப்பிடியாக இழுத்துப்போய் டெஸ்ட் எடுக்கவைத்தது இந்தப் பெண்தான்.

வந்தவர்கள் வடையைச் சாப்பிட்டார்கள். மாப்பிள்ளையின் அம்மா மெதுவாக ஆரம்பித்தார் — குடும்பத்தில் பரம்பரை வியாதி ஏதாவது உண்டா? அக்கா வாயைத் திறப்பதற்குள், தேத்தண்ணித் தட்டோடு நின்ற சுகன்யா முந்திக்கொண்டாள்.

“இருக்குங்க. தாத்தாவுக்கும் பெரிய மாமாவுக்கும் சீனியில கிட்னி போச்சு. அம்மாவுக்கு ஆரம்பத்துலயே கண்டுபுடிச்சிட்டோம், நல்லா இருக்காங்க. எனக்கு இப்ப சீனி இல்ல. வந்தாலும் வரலாம், அதான் வருஷா வருஷம் பாக்குறேன். நாளைக்கு எனக்குப் புள்ள பொறந்தா அதுக்கும் தெரிஞ்சிருக்கணும்ல?”

அக்கா அவளை முறைத்த முறைப்பில் நான் வடைத் தட்டைப் பார்த்துக்கொண்டேன். ஆனாலும் சொல்கிறேன்... அந்த நிமிடம் அவளுக்குத் தாய்மாமனாக உட்கார்ந்திருந்ததில் எனக்கு அவ்வளவு பெருமை.

நாமெல்லாம் எப்படி? கடல் தாண்டி வந்த கொள்ளுத்தாத்தா திருச்சிப் பக்கமா, மதுரைப் பக்கமா என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வோம். என்ன வியாதியில் போனார்? தெரியாது. தெரிந்தாலும் சொல்ல மாட்டோம் — பெண்ணுக்கு வரன் அமையாதே! இப்படி மறைத்து மறைத்துத்தான் அண்ணனைப் பறிகொடுத்தோம். அப்பாவுக்கு வந்தது என்னவென்று தெரிந்திருந்தால், அண்ணனும் நேரத்தோடு டாக்டரிடம் போயிருப்பாரே.

புதன்கிழமை நான் மறுபடி அக்கா வீட்டில் இருந்தபோது கல்யாணத் தரகர் போன் செய்தார். சம்பந்தம் சரிவராதாம். பக்கத்திலிருந்த அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். எனக்குக் கோபம். வியாதிக்குப் பயந்துவிட்டார்களா என்று கேட்டேன்.

“அதில்லீங்க. வியாதின்னா மருந்து மாத்திரை இருக்குன்னு சொல்றாங்க. புள்ள இப்புடி பட்டுன்னு பேசுதே... அதத்தான் யோசிக்கிறாங்க.”

சிரித்துவிட்டேன். அந்தப் பேச்சும் அவளுக்கு எங்கள் அப்பாவிடமிருந்து வந்ததுதான் ஐயா — அதற்கு மட்டும் நாங்கள் மருந்து எடுப்பதாக இல்லை!