பதினோரு மணி டெஸ்ட்

ராசிபுரம் சரவணமுத்து கிளீனராக ஏறி, டிரைவராகி, கடைசியில் சொந்தமாக ஒரு லாரி வாங்கியவர். எந்த நிலையிலும் ஒரு பழக்கத்தை மட்டும் விடவில்லை. வண்டி புறப்படும் முன் இரும்பு ராடால் எல்லா டயரையும் தட்டிப் பார்த்தாக வேண்டும். இப்போது வண்டி டிரைவர் குழந்தைவேல் கையில். தட்ட டயர் இல்லாமல் கை அரித்துக்கொண்டிருந்த மனுஷனுக்கு, மகள் தேவிப்ரியா போனில் நெட் வேகம் பார்க்கும் ஸ்பீடு டெஸ்ட் என்று ஒன்று இருப்பதைக் காட்டிவிட்டாள். பாவம், அவளுக்கு என்ன தெரியும்.

லோடெல்லாம் இப்போது செயலியில்தான் வருகிறது. காலை பதினோரு மணிக்குத் திறக்கும். யார் தட்டியது முதலில் போய்ச் சேருகிறதோ அவருக்கு லோடு. அதற்குச் சற்று முன் சரவணமுத்து பழைய போனில் டெஸ்டை ஓடவிட்டு, பிங் என்ற எண்ணை மட்டும் பார்ப்பார். நாம் தட்டியது அங்கே போய்ப் பதில் திரும்பி வர ஆகும் நேரம் அது. எவ்வளவு குறைவோ அவ்வளவு நல்லது. ஒன்பது என்று வரும். திருப்தியாகத் தலையாட்டுவார். டெஸ்ட் அது பாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்க, அதே வீட்டு வைஃபையில் இருக்கும் புதுப் போனில் லோடைத் தட்டுவார். "வேறொருவர் எடுத்துவிட்டார்" என்று வரும்.

நாக்பூரில் வண்டி காலியாக நின்றது. ஞாயிற்றுக்கிழமை குழந்தைவேலின் தங்கை மகனுக்குக் காது குத்து. தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் குத்த வேண்டும். மடி நாக்பூரில் கிடக்கிறது. காலியாகவே வரச் சொன்னால் டீசல் செலவே ஆளை விழுங்கிவிடும். டிரைவர் முகத்தில் எப்படி முழிப்பது என்று சரவணமுத்துவுக்கு உண்மையிலேயே சோறு இறங்கவில்லை.

அவருக்கு வருத்தம் வந்தால் கோபமாகத்தான் வெளியே வரும். நெட்டைத் தின்கிறது என்று முதலில் மனைவி சௌந்திரம் போனில் பார்க்கும் சீரியலை நிறுத்தினார். அடுத்து மகளின் லேப்டாப்பை. அப்புறம் வாசல் கேமராவை. லோடு அப்போதும் கைநழுவியது.

"ஃபிரிட்ஜையும் அணைச்சுப் போடுங்க," என்றாள் சௌந்திரம். அவர் ஒரு கணம் யோசித்துப் பார்த்தார் என்பதுதான் கொடுமை.

வியாழக்கிழமை பதினோரு மணி நெருங்கும்போது பழைய போன் அடித்தது. குழந்தைவேல். பேச முகமில்லாமல் சரவணமுத்து போனை மனைவியிடம் தள்ளினார். அவள் அதைக் காதில் வைத்தபடி கொல்லைப் பக்கம் போய்விட்டாள்.

"ஏம்புள்ள, டெஸ்ட் போடோணும், கொண்டா இங்க!"

அவள் காதிலேயே வாங்கவில்லை. மணி ஆகிவிட்டது. டயர் தட்டாத வண்டியில் ஏறியவர் போலப் பதறிக்கொண்டே, நாக்பூரிலிருந்து சேலம் வரும் லோடு ஒன்றைத் தட்டினார்.

"லோடு உங்களுக்கு" என்று திரையில் வந்தது.

அவர் நம்பவில்லை. "அதெப்படி கண்ணு, டெஸ்டே போடலியே?"

தேவிப்ரியாவுக்குப் பொறி தட்டியது. தன் போனில் டெஸ்டைப் போட்டு அவர் மூக்குக்கு முன்னால் நீட்டினாள். ஒன்பது. "இதோட நீங்க பாக்கறத நிறுத்திருவீங்க. இன்னும் பாருங்கப்பா."

டெஸ்ட் லைனை முழுக்க அடைத்துக்கொண்டு டேட்டாவை இறக்க ஆரம்பித்தது. கீழே சின்ன எழுத்தில் இன்னொரு பிங் ஏறிக்கொண்டே போய் அறுநூறைத் தாண்டியது.

"லைன் சும்மா இருக்கறப்ப ஒம்பது. டெஸ்ட் ஓடறப்ப அறுநூறு. கரெக்டா அந்த நேரத்துல தானுங்கப்பா நீங்க லோட தட்டறீங்க."

காலி வண்டியை எடை போட்டுவிட்டு, அதுதான் வண்டி எடை என்று லோடோடு கிளம்புகிறவனை சரவணமுத்து வாயில் வந்தபடியெல்லாம் திட்டுவார். இப்போதும் திட்ட ஆள் தேடினார். வீட்டில் அவரைத் தவிர யாரும் தோதாக இல்லை. வெட்கமாகப் போய்விட்டது.

கொல்லையிலிருந்து வந்த சௌந்திரம் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு நின்றிருந்தாள். அவள் கையிலிருந்த போனின் ஸ்பீக்கரில் குழந்தைவேலின் குரல் கேட்டது. "அண்ணா, லோடு கெடச்சுருச்சுங்களா? எப்படீங்ணா?"

சரவணமுத்து தொண்டையைச் செருமினார். "லைனு இன்னிக்குத்தான் சாமி சரியாச்சு."

சௌந்திரம் போனைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். "லைனு எப்பவும் நல்லாத்தான் இருந்துச்சு சாமி. உங்க ஓனரு டெஸ்டுங்கற எடைமேடைய உட்டு எறங்குனாரு, வண்டி நவுந்துருச்சு. நீ பொறப்படு, கொழந்த மடியில்லாம நிக்குது. என்ற சீரியலுக்கு இந்த மனுசன் பதில் சொல்லிக்குவாரு."